எண்ணாலும் எழுத்தாலும்

ஐம்பத்தைந்து பக்கம்.
நான் கணக்குப் பார்க்கிற நாணயத்தில்
இதன் விலை அவ்வளவுதான்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
குடவாசல் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே
ஊரார் நிலத்தை ஊராருக்குத் தட்டச்சு செய்கிறவள்.

பழைய கீபோர்டு நமுத்த அப்பளம்.
குத்தினால்தான் எழுத்து விழும்.
ராத்திரி சோறு பிசைய விரல் மடங்காது.
இதுவோ தொட்டதும் பேசுகிறது,
வெயில் ஏறிய களத்தில்
உளுந்து நெற்று வெடிக்கிற மாதிரி.
எனக்குப் பிடித்திருக்கிறது.
வைரக்கண்ணு சாருக்குப் பிடிக்கவில்லை.
வில்லங்கம் கேட்டு வந்தவர் வாய் திறந்தாலே
"கொஞ்சம் நிறுத்தும்மா" என்பார்.
நிறுத்துவேன்.
நிறுத்தினால் இது தூங்கிவிடும்.

தூங்கி எழுந்த பசியில்
முதல் தட்டைத் தின்றுவிடும்.
நான்கெல்லை எழுத உட்கார்ந்து
'கிழக்கு' என்று அடித்தேன்.
'இழக்கு' என்று விழுந்தது.
சொல்லிவைத்த மாதிரி.

ஒயர் இல்லை. அது பெரிய காரியம்.
அறுப்பு முடிந்து வயலைக் காலி செய்த எலிகள்
தை மாதம் எங்கள் ஆபீசுக்குத்தான் குடிவரும்.
இரண்டு கீபோர்டை வாலறுத்துக் கொன்றவை,
இதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
மௌசின் ஒயருக்குப் போய்விட்டன.

ஆனால் கயிறில்லாத மாடு
அடுத்தவன் கொல்லையிலும் மேயும்.
முதல் நாள் 'சோதிச்சுப் பாக்குறேன்க்கா' என்று
ஜெராக்ஸ் கடை ஜபருல்லா தன் போனில் இணைத்துப் பார்த்தான்.
மறுநாள் எந்த விசையில் என் விரல் பட்டதோ,
ஒரு கிரயப் பத்திரத்தின் முக்கால் பக்கம்
இங்கிலீஷ் எழுத்துக் கூளமாகி
பொதக்குடியில் அவன் மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தது.
அந்தம்மா பதறிப்போய்
மருமகனுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

ஏழு நிறத்தில் எரிகிறது. அணைக்கத் தெரியவில்லை.
ஐப்பசி மழையில் கரண்டு போன மத்தியானம்
கம்ப்யூட்டர் செத்துக் கிடக்க
இது மட்டும் தேர் மாதிரி நின்றது,
யாருக்கும் எதையும் எழுத முடியாமல்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.
மூன்றுதான் பொறுக்கவில்லை.

அகரஓகை தனக்கோடி
மோட்டார் கொட்டகைக்கு வழி வேண்டி
முப்பத்து மூன்று குழி வாங்கினார்.
நான் இரண்டு தரம் தட்டினேன்.
இது மூன்று தரம் எழுதியது.
ஒரு சொடுக்கில்
மூன்று மா நஞ்சை முளைத்துவிட்டது,
விதையில்லை, உரமில்லை,
மேட்டூர் திறக்கவேண்டிய அவசியமுமில்லை.

எண்ணால் எழுதியதை எழுத்தாலும் எழுதச் சொல்லும்
வழக்கம் பிழைக்கவைத்தது.
333 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே
முப்பத்து மூன்று என்று நின்றது என் கை.
முத்திரைத்தாளில் ஏற்றும் முன் கண்டேன்.
தனக்கோடியும் கண்டார்.
"இருக்கட்டுமேம்மா" என்றார்,
சிரிக்காமல்.

திருப்பி அனுப்ப இன்று கடைசி நாள்.
அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டேன்.
காரணம் எழுதவும் என்றது கட்டம்.
இதை வைத்தே எழுதினேன்:
மூன்று இரட்டிக்கிறது. உதாரணம்: 3
ஒன்றுதான் விழுந்தது.
மறுபடி தட்டினேன். ஒன்று.
பத்து தரம் தட்டினேன்,
பத்தே பத்து மூன்று,
சாட்சிக் கூண்டில் ஏறிய யோக்கியன் மாதிரி.

சார் சாப்பிடப் போயிருக்கிறார்.
பெட்டி திறந்தே கிடக்கிறது.
வலது கை விரல்களை மடக்கிப் பார்க்கிறேன்:
மடங்குகின்றன.

அதற்குள் தூங்கிப்போயிருக்கும் இது.
ஒரு இடைவெளியை முதலில் தின்னக் கொடுத்து
அடுத்த பத்திரத்தைத் தொடங்குகிறேன்.
கிழக்கு.